சிலந்தியின் வீடும் செரந்தீபின் கரையும்

பழைய வீடுகள் விடுமுறைத் தங்குமிடங்களாவது நமக்குப் புதிதன்று. கன்னிவாடிக்கு மேலே உயரும் பழனி மலைத்தொடரில், 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் எழுப்பிய இரு வீடுகளோடு உருவானது கொடைக்கானல். அங்குள்ள பழைய பங்களாக்கள் பல இன்று பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. அவ்வகை வீடுகளுள் முஸ்லிம் வரலாற்று வாசகரின் தனிக்கவனத்திற்குரிய ஒன்று, கடல் கடந்து, இலங்கையின் தென்கரையில் வெலிகம விரிகுடாவில் இருக்கிறது.

ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் பரப்புள்ள அச்சிறு தீவைச் சிங்கள மக்கள் 'கல்தூவ' என்றனர். பாறைத் தீவு என்பது பொருள். 1920களில் அதை வாங்கிய பிரெஞ்சுக்காரர் டி மோனி, எண்கோண மண்டபத்துடன் மாளிகை கட்டி, இலங்கை முழுமைக்கும் கிரேக்கர் வழங்கிய 'தப்ரபேன்' என்ற பெயரைத் தம் தீவுக்குச் சூட்டினார். 1941இல் அவர் மறைந்தார். மொரோக்கோவின் தாஞ்சியரில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் பால் போல்ஸ் 1952இல் தீவை வாங்கிச் சில ஆண்டுகளில் விற்றார். பின்னர்ப் பலர் கைமாறிய அவ்வீடு, விடுமுறை மாளிகையாயிற்று. பாலமில்லாத அத்தீவுக்குக் கடல்நீரில் நடந்தே செல்ல வேண்டும்.

1954ஆம் ஆண்டின் விடுதலைக் கிளர்ச்சியில் கொந்தளித்த ஃபெஸ் நகரைக் களமாகக் கொண்ட போல்ஸின் புதினத்தின் பெரும்பகுதி இத்தீவில்தான் உருவானது. 1955இல் வெளிவந்த அந்நூலின் பெயர் 'சிலந்தியின் வீடு'. திருக்குர்ஆனின் அல்-அன்கபூத் அத்தியாயம், 41ஆம் வசனத்து உவமையிலிருந்து எடுத்தாளப்பட்ட தலைப்பு அது. அல்லாஹ்வையன்றிப் பிறரைப் பாதுகாவலராகக் கொள்வோரின் நிலையை, வீடுகளிலெல்லாம் மிக நொய்தான சிலந்தி வீட்டுக்கு ஒப்பிடுகிறது அவ்வசனம்.

தீவைப் பற்றிய பயண எழுத்துகளில் இவ்வெளிநாட்டு உரிமையாளர்களே பெரிதும் பேசப்படுகின்றனர். எதிர்க்கரையின் வரலாறோ அவர்களினும் மிகப் பழையது. 1344இல் செரந்தீபுக்கு வந்த இப்னு பதூதா, தேவந்துறையிலிருந்து காலிக்குச் சென்றார். அவ்விரு துறைகளுக்கும் இடைப்பட்ட கரையிலேயே வெலிகம உள்ளது. காலியில் இப்ராஹீம் என்னும் முஸ்லிம் கப்பல் தலைவர் தம் இல்லத்தில் அவருக்கு விருந்தளித்தார். அங்கே வழிப்போக்கர் வாடகைதாரர் அல்லர், விருந்தினர். 1409இல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பெயரால் பொறிக்கப்பெற்று, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. அதன் தமிழ்ப் பகுதி தேவந்துறைக் கோயில் இறைவனையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. பல சமயத்தார் ஒரே துறையில் கலந்து வாழ்ந்தமைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

வெலிகம நகரிலேயே, இலங்கையின் மிகப் பழைய அரபுக் கல்லூரிகளுள் ஒன்றான மத்ரஸதுல் பாரி 1884இல் தோன்றியது. தீவு மாளிகை எழும்முன்பே அது நாற்பதாண்டு முதிர்ச்சி பெற்றிருந்தது.

வாடகை வீட்டை நாம் இகழவில்லை. பராமரிப்பாரற்றுப் பாழ்படுவதைவிட அது மேல். எனினும் ஓர் இடத்தின் வரலாறு, அதை விலைக்கு வாங்கியோரின் வரலாறாகச் சுருங்கிவிடலாகாது. உரிமைப் பத்திரங்கள் கைமாறுகின்றன. வந்தோரை வரவேற்ற கரையின் நினைவைக் காக்கும் பொறுப்போ கைமாறுவதற்குரியதன்று. செரந்தீபோடு நெடுங்காலம் வணிகமும் கல்வியும் கொண்ட நம் சமுதாயத்திற்கும் அதில் பங்குண்டு. அக்கல்வெட்டையும் அம்மத்ரஸாவையும் நம் பிள்ளைகள் அறியச் செய்வது, அப்பொறுப்பின் தொடக்கமாகட்டும்.