லிவர்பூலில் திறந்த ஒரு கதவு

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் வெளி விறாந்தையில் ஒரு காலத்தில் சிறிய வாசிகசாலை ஒன்று இருந்தது. நான் முதன்முதலாக ஒரு கதைப்புத்தகத்தை இரவல் வாங்கியது அங்கேதான். அதைப் பொறுப்பாக நடத்திவந்த ஹாஜியார் ஒருநாள் மகனோடு வசிப்பதற்காக வேறூர் போனார். வாசிகசாலையின் திறப்பும் அவரோடு போயிற்று. பூட்டை உடைக்க எவருக்கும் மனம் வரவில்லை. புதிய திறப்புச் செய்யவும் எவரும் முன்வரவில்லை. சில வருடங்களின் பின் கதவைத் திறந்தபோது அலுமாரிக்குள் கறையான் புற்றுத்தான் மிஞ்சியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இயங்கிய முஸ்லிம் நிறுவனமொன்றின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அலுமாரி ஞாபகத்துக்கு வரும். பிரித்தானியாவில் இயங்கிய முதல் பள்ளிவாசல் என்ற பெருமையோடு மட்டுமே நம்மவர்கள் அதைக் குறிப்பிடுவதுண்டு. அந்தப் பெருமையைவிட முக்கியமான ஒரு பாடம் அதற்குள் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

நிறுவனத்தின் ஸ்தாபகர் அப்துல்லாஹ் குவில்லியம். 1856இல் லிவர்பூலில் வில்லியம் ஹென்றி குவில்லியம் என்ற பெயரோடு பிறந்தவர். மெதடிஸ்த குடும்பத்தைச் சேர்ந்தவர், தொழிலால் சட்டத்தரணி. மதுவிலக்குப் பிரசாரத்தில் சிறுவயதிலிருந்தே ஊறியவர். 1882இல் உடல்நலம் தேடி மொரோக்கோ சென்றபோது இஸ்லாத்தோடு அவருக்குப் பரிச்சயம் ஏற்பட்டது. ஐந்து வருடங்கள் கழித்து, 1887இல், தாம் முஸ்லிம் என்பதைப் பகிரங்கப்படுத்தினார். நம் நாட்டில் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்விக்காகச் சமூகத்தைத் தட்டியெழுப்பிக்கொண்டிருந்த காலமும் அதுவே என்பதை மனதிற் கொண்டால் காலச் சூழல் விளங்கும்.

குவில்லியம் முதலில் மவுண்ட் வேர்னன் வீதியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். அங்கு உரைகள் நிகழ்ந்தன. இயேசு சிலுவையில் மரிக்கவில்லை என்று நம்பும் ஒருவருக்கு இடம் தர முடியாது எனக் கட்டடச் சொந்தக்காரர் அவர்களை வெளியேற்றினார். அதன் பின்னரே புரூஹம் டெரஸ் என்ற வீட்டு வரிசையின் எட்டாம் இலக்க வீடு கிடைத்தது. 1889ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் அவ்வீடு லிவர்பூல் முஸ்லிம் நிறுவனமாகத் திறக்கப்பட்டது.

நத்தார் தினத்தைத் தெரிவு செய்தது தற்செயலானதல்ல. நகரமே விருந்துண்ணும் அந்நாளில் விருந்தில்லாதவர்களும் இருந்தார்கள். துறைமுக நகரின் பின்வீதிகளில் வேலையற்றோரும் வறிய குழந்தைகளும் நிறைந்திருந்தனர். அவர்களுக்கு ஆண்டுதோறும் அந்நாளில் நிறுவனம் உணவளித்தது. வந்தவர்களிடம் மதம் கேட்கப்படவில்லை.

அந்தக் கதவைத் தேடி வந்தவர்கள் யார் என்பதே இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்த பகுதி. அவர்களை மூன்று வகையினராகக் காணலாம்.

முதலாமவர்கள், இஸ்லாத்தைத் தழுவியதால் சொந்த வீட்டில் அந்நியரானவர்கள். பாத்திமா எலிசபெத் கேற்ஸ் என்ற பெண்மணி இதற்கு நல்ல உதாரணம். 1887இல் ஒரு மதுவிலக்குக் கூட்டத்தில் குவில்லியத்தின் உரையைக் கேட்டபோது அவருக்கு வயது 22. அவர் கையிலிருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பைப் பறித்துவிடத் தாயாரே முயன்றார். கூட்டத்துக்குச் செல்லும் வழியில் அவர் மீது கல்லெறிந்தார்கள். வீதியில் கிடந்த குதிரைச் சாணத்தை எடுத்து முகத்தில் பூசினார்கள். அவர் பின்வாங்கவில்லை. நிறுவனத்தின் முதற் பொருளாளராக அவரே கடமையாற்றினார். நமது பள்ளிவாசல் பரிபாலன சபைகளில் இன்றும் காணக் கிடைக்காத ஒரு காட்சி இது! 1900இல், இளவயதிலேயே அவர் காலமானார்.

இரண்டாமவர்கள் கப்பற் தொழிலாளர்கள். 'லஸ்கர்' என அழைக்கப்பட்ட ஆசிய மாலுமிகள் லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கினர். மொழி தெரியாத, குளிரில் நடுங்கிய அம்மனிதர்கள் நோயுற்றால் கவனிக்கவோ மரணித்தால் ஜனாஸா தொழுவிக்கவோ அங்கு எவருமிருக்கவில்லை. குவில்லியமும் நண்பர்களும் வைத்தியசாலைகளுக்குச் சென்று அவர்களைப் பார்த்தனர். இறந்தவர்களை முறைப்படி நல்லடக்கம் செய்தனர்.

மூன்றாமவர்கள் குழந்தைகள். திருமணத்துக்கு வெளியே குழந்தை பெற்ற ஒரு பெண்ணை அன்றைய ஆங்கிலச் சமூகம் எவ்வாறு நடத்தியது என்பதை அக்கால நாவல்களை வாசித்தவர்கள் அறிவார்கள். அத்தகைய பிள்ளைகளுக்காக 1896இல் 'மதீனா இல்லம்' ஆரம்பிக்கப்பட்டது. வளர்க்க வழியற்ற தாய்மார் தம் குழந்தைகளை அங்கு ஒப்படைத்தனர். அப்பிள்ளைகள் முஸ்லிம்களாக வளர்க்கப்படுவர் என்பது நிபந்தனை. இன்றைய கண்ணோட்டத்தில் அந்நிபந்தனை விவாதத்துக்குரியதே. ஆயினும் வேறெந்தக் கதவும் திறக்காத இடத்தில் இந்தக் கதவு திறந்தது என்பதையும் மறுக்க முடியாது.

உணவும் உறைவிடமும் மட்டுமல்ல, கல்வியும் அங்கு வழங்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு விடுதியுடன் கூடிய பாடசாலை, பெண் பிள்ளைகளுக்குப் பகற் பாடசாலை, வளர்ந்தவர்களுக்கு மாலை வகுப்புகள் என அது விரிந்தது. நூலகம், சிறிய நூதனசாலை, விஞ்ஞான ஆய்வுகூடம் ஆகியனவும் இருந்தன. இலக்கிய விவாதக் கழகமொன்றும் கூடியது. 1893 முதல் 'கிரஸன்ட்' என்ற வாரப் பத்திரிகையும் 'இஸ்லாமிக் வேர்ல்ட்' என்ற மாத சஞ்சிகையும் நிறுவனத்தின் சொந்த அச்சகத்திலேயே அச்சாகிப் பல நாடுகளுக்கும் சென்றன. 1895இல் லிவர்பூலுக்கு வந்த ஆப்கானிய அமீரின் புதல்வர் நஸ்ருல்லாஹ் கான் வழங்கிய 2500 பவுண் நன்கொடை, பக்கத்துக் கட்டடங்களையும் விலைக்கு வாங்க உதவியது. குவில்லியத்தின் முயற்சியால் இஸ்லாத்தைத் தழுவியோர் 600 பேர் வரை இருப்பர் எனக் கூறப்படுகிறது.

வருபவர்கள் அந்நியமாக உணரக்கூடாது என்பதற்காக அவர் செய்த சில காரியங்கள் நமக்கு வியப்பளிக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுடன் ஞாயிறு மாலைகளிலும் கூட்டம் நடந்தது. தேவாலயப் பாடல்களில் பழகியவர்களுக்காக, இஸ்லாமிய நம்பிக்கைக்கு முரணான வரிகளை மாற்றிய பாடல்கள் பாடப்பட்டன. இதை ஆட்சேபித்த முஸ்லிம்களும் உண்டு. ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: மாணவன் எங்கு நிற்கிறானோ அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்க முடியும். கலாசாலையில் எமக்குக் கற்பித்த முதற் பாடமும் அதுவே.

ஊராரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1891இல் அதான் சொல்பவர் மீது கற்களையும் பட்டாசுகளையும் எறிந்தனர். 1894இல் துருக்கிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் அவருக்குப் பிரித்தானியத் தீவுகளின் ஷெய்குல் இஸ்லாம் என்ற பதவியை வழங்கியபோது சந்தேகம் மேலும் வளர்ந்தது. 1896இல், சூடான் முஸ்லிம்களுக்கு எதிரான போரில் முஸ்லிம்கள் பங்கேற்கலாகாது என அவர் பத்வா வெளியிட, ராஜத்துரோகி என்ற பழியும் வந்து சேர்ந்தது.

ஆனால் நிறுவனத்தை வீழ்த்தியது கல்லும் அல்ல; பழியும் அல்ல. ஒரு விவாகரத்து வழக்கில் சட்டத்தரணியாக அவர் முறைகேடாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1908இல் அவர் திடீரென இஸ்தான்புல் சென்றார். 1909இல் சட்டத்தரணிகள் பட்டியலிலிருந்து அவரது பெயர் நீக்கப்பட்டது. தந்தை சென்றதும் மகன் கட்டடங்களை விற்றுவிட்டார். பத்திரிகைகள் நின்றன. சமூகம் சிதறியது. பின்னர் அக்கட்டடம் பல தசாப்தங்களாகப் பிறப்பு, விவாகம், இறப்புப் பதிவு செய்யும் காரியாலயமாக இயங்கியது. குவில்லியம் வேறொரு பெயருடன் இங்கிலாந்து திரும்பி, 1932இல் லண்டனில் காலமானார். புரூக்வூட் மையவாடியில் அடங்கியிருக்கிறார்.

புகழ்மாலை சூட்டுவோர் இக்கடைசி அத்தியாயத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். தூற்றுவோர் இதை மட்டுமே சொல்கின்றனர். இரண்டும் வரலாறாகாது. இருபது வருடங்களாகத் திறந்திருந்த ஒரு கதவு சில மாதங்களில் எவ்வாறு மூடப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. விடை எளிது. திறப்பு ஒருவரின் சட்டைப்பையில் இருந்தது. வக்பு என்ற ஏற்பாட்டை நமது மார்க்கம் வகுத்தது எதற்காக? கொடுத்தவர் மறைந்தாலும், ஏன், தவறிழைத்தாலும், கொடை மறையாதிருப்பதற்காகத்தானே! லிவர்பூலில் அது நடைபெறவில்லை. இழப்பு குவில்லியத்துக்கு மட்டுமானதல்ல. வேறு கதவில்லாதவர்களுக்கே அது பேரிழப்பாயிற்று.

கதை அங்கு முடியவில்லை என்பது ஆறுதல். பாழடைந்து கிடந்த எட்டாம் இலக்க வீட்டை, குவில்லியத்தின் பெயரால் அமைந்த சங்கம் மீட்டெடுத்தது. 2014இல் மீண்டும் அங்கு தொழுகை ஆரம்பமானது. 2024 ஜூலை 29ஆம் திகதி அருகிலுள்ள சவுத்போர்ட்டில் மூன்று சிறுமியர் கொல்லப்பட்டபோது, கொலைகாரன் ஒரு முஸ்லிம் குடியேறி என்ற பொய்யான வதந்தி பரவியது. ஒகஸ்ட் 2ஆம் திகதி இரவு அப்பள்ளிவாசலின் முன்னால் எதிர்ப்பாளர்கள் திரண்டனர். பள்ளிவாசலைக் காக்க அயலவர்கள் பெருந்தொகையாக வந்து நின்றனர். பதற்றம் தணிந்த வேளையில் இமாம் ஆதம் கெல்விக்கும் உடனிருந்தோரும் உணவையும் குளிர்பானத்தையும் ஏந்திக்கொண்டு எதிர்ப்பாளர்களிடமே சென்றார்கள், பேசினார்கள், சிலரைக் கட்டியணைத்தார்கள். 1889இன் அதே வீடு, அதே உபசாரம்.

மறுநாள் இரவு, அதே நகரின் வோல்ற்றன் பகுதியில் ஸ்பெல்லோ என்ற நூலகத்துக்குக் கலகக்காரர்கள் தீ வைத்தனர். பொதுமக்கள் இரண்டு இலட்சம் பவுணுக்கு மேல் சேகரித்தனர். அவ்வருட டிசம்பரிலேயே நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. எரித்த நூலகத்தை ஓர் ஊர் நான்கு மாதங்களில் மீட்கிறது. பூட்டிய வாசிகசாலையை எங்கள் ஊர் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நமது பள்ளிவாசல்கள் இன்று பளிங்கில் மின்னுகின்றன. தொழுகை முடிந்ததும் கதவுகள் பூட்டப்படுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனித்திருக்கும் முதியவரும், இஸ்லாத்துக்குப் புதிதாக வந்து உறவிழந்த பெண்ணும், பாடசாலையை விட்டு இடைவிலகிய பையனும் அந்தக் கதவைக் கடந்து போகின்றனர். அவர்களுக்காக ஒரு மேசை, நான்கு கதிரை, ஓர் அலுமாரிப் புத்தகம், ஒரு கோப்பைத் தேநீர் போதும், தொடங்கிவிடலாம்.

ஆனால் தொடங்கும் அன்றே திறப்பை மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.