கப்பல் பார்த்த காலமும் கரை பார்த்த காலமும்

அந்தமான் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தாயகத்துத் தமிழர் உள்ளத்தில் எழுவது சிறைச்சாலையின் உருவமே. கு. சா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய நாடகம் ஒன்று 1952-ஆம் ஆண்டு திரைப்படமாக வெளிவந்தபோது, அதன் பெயரே 'அந்தமான் கைதி' என்பது. அக்காலத்தில் ஒருவர் மனைவி மக்களுடன் இத்தீவுகளுக்குக் குடிபெயர்கிறார் என்றால் உறவினர் கலங்கியதில் வியப்பொன்றும் இல்லை. அங்கே என்ன வேலை, என்ன சம்பளம், நோய் வந்தால் யார் பார்ப்பார் என்றெல்லாம் கேட்டவர் பலர். ஓய்வு நாளில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வீர்கள் என்று கேட்டவர் இலர். அந்தக் கேள்விக்குரிய விடையையே நம் சங்கத்தின் ஆண்டு மலரில் ஒருவாறு எழுதிவைக்க விழைகின்றோம்.

இது சிறு செய்தி என்று சிலர் கருதலாம். அரசாங்க ஏடுகளில் ஆணைகள் உண்டு. கட்டடங்களின் கணக்கு உண்டு. கைதிகளின் எண்ணும் உண்டு. ஓர் எழுத்தரின் மனைவி ஞாயிற்றுக்கிழமை மாலையில் தன் குழந்தைகளுடன் எங்கே நடந்தாள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் வந்த ஊர் சொந்த ஊராக மாறியது அலுவலகத்திலா, அந்த மாலை நடையிலா என்று நம்மைக் கேட்டால், இரண்டாவதையே சொல்லுவோம்.

1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குத் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர். இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சு முதல் 1945 அக்டோபர் வரை தீவுகள் ஜப்பானியர் கையில் இருந்தன. போர் முடிந்ததும் தண்டனைக் குடியேற்றமும் முடிந்தது. 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகள் குடியமர்த்தப் பெற்றனர். 1956-இல் இது மத்திய அரசின் நேராட்சிப் பகுதியாயிற்று. காடு, துறைமுகம், சாலை, கட்டடம் என எங்கும் ஆள் வேண்டியிருந்தது. தமிழர் கூலியாட்களாகவும் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் வந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கூறினர். வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்த இடம் நம் மொழிக்கே. போருக்கு முன்னரே இங்கு வேரூன்றிய குடும்பத்தாரை 'பிரி-42' என்று குறிப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. நம்மவருள் பெரும்பாலோர் அதற்குப் பின் வந்தவர்.

அவ்வாறு வந்தவர்க்கு முதற் பொழுதுபோக்கு எது? கப்பல் பார்ப்பது. சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் (2024 முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் உள்ளது. கப்பலில் மூன்று நாட்பயணம். கடிதம், செய்தித்தாள், மளிகை, மருந்து, புதுமணப்பெண், பொங்கலுக்குக் கரும்பு எல்லாம் கப்பலிலேதான் வந்தாக வேண்டும். ஆகவே சாத்தம் துறையிலோ ஹாட்டோ துறையிலோ கப்பல் அணையும் நாள், ஊருக்குத் தேர் வந்த நாள் போன்றது. தம்மைத் தேடி எவரும் வாராத குடும்பத்தாரும் நல்லுடை உடுத்திச் சென்று நிற்பர். ஏணிப்படியில் இறங்கும் முகங்களில் அறிந்த முகம் உண்டோ என்று தேடுவர். அறியாத முகத்தையும், 'ஐயா, எந்த ஊர்? மழை உண்டா?' என்று வினவி மகிழ்வர். பின்னாளில் 'அக்பர்', 'ஹர்ஷவர்தனா', 'நான்கௌரி', 'சுவராஜ் தீப்' என்னும் கப்பற்பெயர்கள் இங்குப் பிறந்த குழந்தைகளுக்கு மாமன்மார் பெயர்களைப் போலவே பழகிவிட்டன. ஆனால் இந்த மகிழ்ச்சிக்கு ஒரு குணம் உண்டு. அது முழுவதும் கடலுக்கு அப்பால் நோக்கியது. தாயகக் கரையை நாம் 'மெயின்லாண்டு' என்கிறோம். துறையில் நின்றவர் கண்கள் அதையே நாடின. கப்பல் கிளம்பும் நாளில், கையசைத்து நின்றவரிற் பாதிப்பேர் வீடு திரும்பும் வழியில் பேசுவதில்லை என்று பெரியவர்கள் கூறுவர்.

தீவை நோக்கித் திரும்புதற்குக் காலநிலையும் கடிகாரமும் இடையூறாக இருந்தன. இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. சென்னையிற் பெய்வதைப் போல் இரு மடங்கு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒன்றன்பின் ஒன்றாக வருதலால், மே திங்கள் தொடங்கி டிசம்பர் வரையில் குடையின்றி வெளியேறல் அரிது. எஞ்சிய நான்கு திங்களே உலாவுக்குரிய காலம். கடிகாரமோ தாயகத்து நேரத்தையே காட்டும். கதிரவன் அதற்குக் கட்டுப்படுவதில்லை. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே மறைந்துவிடுகின்றான். அலுவலகம் விட்டு வந்து கடற்கரைக்குச் செல்வோம் என்னும் சென்னை வழக்கம் இங்கு எடுபடாது. விடியற்காலையிற் புறப்பட்டு, கட்டுச்சோறு உண்டு, இருட்டுமுன் திரும்புவதே முறையாயிற்று. புளியோதரையும் தயிர்ச்சோறும் இவ்வகையில் நம் தீவு வாழ்க்கைக்குச் செய்த தொண்டு பெரிது.

சென்ற இடங்களோ வேறு யாருக்காகவோ அமைந்தவை. ராஸ் தீவை எடுத்துக்கொள்வோம்; 2018 முதல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். 1858 முதல் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அது ஆங்கிலேயரின் தலைமையிடம். ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டிக் கடை, டென்னிசு ஆடுகளம், நீச்சற்குளம், தேக்குப் பலகை பாவிய நடனக்கூடம் அனைத்தும் அச்சிறு நிலத்தில் இருந்தன. துரைமார் நடனமாடியபோது, மண் சுமந்து அவற்றைக் கட்டிய கைதிகள் எதிர்க்கரையில் விலங்கோடு கிடந்தனர். 1941 ஜூன் 26-ஆம் நாள் நிலநடுக்கம் அதனைச் சிதைத்தது. அடுத்த ஆண்டு ஜப்பானியர் வந்தனர். மீண்டும் அங்கு யாரும் குடியேறவில்லை. ஆலமரத்தின் விழுதுகளும் வேர்களும் சுவர்களைத் தழுவி ஏறின. ஆங்கிலேயர் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் பெருகின. 1979-இல் கடற்படை அத்தீவைப் பொறுப்பேற்றது. அபர்தீன் துறையினின்று படகேறிச் சிறிது நேரத்தில் அங்கு இறங்கும் குழந்தைகள், நடனக்கூடத்தின் சுவரருகே மான்களுக்கு வாழைப்பழத் தோலை நீட்டுகின்றனர். வரலாற்றின் பழிவாங்கல்களில் இதைவிட மென்மையானது ஒன்றை நாம் அறியோம்.

ஹாரியட் மலையின் கதை வேறு. 2021-இல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயரிட்டனர். 1891-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அங்கு நாடு கடத்தப்பெற்ற மணிப்பூர் வீரர்களின் நினைவாக. 1872 பிப்ரவரி 8-ஆம் நாள் இந்தியாவின் அரசப் பிரதிநிதி மேயோ பிரபு அம்மலைமேல் ஏறிக் கதிரவன் மறையும் காட்சியைக் கண்டார். இருட்டியபின் அடிவாரத்து ஹோப்டவுன் துறைக்கு இறங்கி வந்தபோது ஷேர் அலி என்னும் கைதி அவரைக் கத்தியாற் குத்திக் கொன்றான். இத்தீவில் உலாவச் சென்றோருள் வரலாற்றில் இடம்பெற்ற முதல்வர் அவரேயாவர் என்று சொல்லலாம்! ஷேர் அலியை வைப்பர் தீவில் தூக்கிலிட்டனர். இன்று சாத்தம் துறையினின்று படகேறி, பாம்பூ பிளாட்டில் இறங்கி, அம்மலைக்குச் செல்வோர் எவரும் மேயோவை நினைப்பதில்லை. பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளைச் சட்டைப்பையினின்று எடுப்பர். அதன் பின்புறத்தில் அச்சிட்ட தென்னைமரங்களும் கடலும் கலங்கரை விளக்கமும் இம்மலையினின்று தோன்றும் வடவிரிகுடாக் காட்சியே. தாளை நீட்டிப் பிடித்துக் காட்சியோடு பொருத்திப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை இங்கு இல்லை. 2019-இல் வந்த புதிய தாளில் எல்லோராக் குகை உள்ளது; எனவே பழைய தாள் ஒன்றைப் பல வீடுகளில் மடித்து வைத்திருக்கின்றனர்.

கப்பல் துறையும் மலையும் பெரும்பாலும் ஆடவர் வகுத்த உலாக்கள். பெண்டிர்க்கு உரியதாக முதலில் அமைந்தது கோவிலே. வெற்றிமலை முருகன் கோவிலின் பங்குனி உத்திரம் இத்தீவுகளின் பெருவிழாக்களுள் ஒன்று. காவடியும் பால்குடமும் நகரத் தெருக்களில் வரும்போது, வங்காளியரும் தெலுங்கரும் மலையாளியரும் இருமருங்கும் நின்று காண்பர்; அவர்களிற் சிலரே நேர்ந்துகொண்டு காவடி எடுப்பதும் உண்டு. இதற்கு ஈடாக நாமும் அவர்தம் விழாக்களுக்குச் செல்லக் கற்றோம். துர்க்கை பூசைப் பந்தல்கள், ஓணக் கோலங்கள், ஹேவ்லாக்கில் நடக்கும் சுபாஷ் மேளா, நீல் தீவின் விவேகானந்த மேளா, சனவரியில் அரசு நடத்தும் தீவுச் சுற்றுலா விழா ஆகியவை குடும்பத்தோடு சென்றுவரும் இடங்களாயின. தாயகத்தில் இருந்திருந்தால் வங்காளியர் கூத்தை நாம் எங்கே கண்டிருப்போம்? அடுத்த வீட்டார் யார் என்பதை ஊரில் பிறப்பு வகுக்கும். இங்கு அரசாங்கக் குடியிருப்பு வகுத்தது. அதனால் விளைந்த நன்மை இது.

திரைப்படமும் வானொலியும் பற்றிச் சுருங்கச் சொல்வோம். போர்ட் பிளேயர் வானொலி நிலையம் 1963-இல் தொடங்கிற்று. பல மொழிகளோடு தமிழ் நிகழ்ச்சிகளுக்கும் அங்கு இடம் கிடைத்தது. 1978-இல் முக்தா சீனிவாசன் இயக்க, சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி' வந்தது. கைதியைக் காட்டிய திரை இருபத்தாறு ஆண்டுகளில் காதலியைக் காட்டிற்று. தம் தெருவும் கடலும் திரையில் தெரிவதைக் கண்ட மகிழ்ச்சி ஒருபுறம்; ஊரில் உள்ள உறவினர் இனியேனும் இரங்கல் கடிதம் எழுதமாட்டார்கள் என்னும் ஆறுதல் மறுபுறம்.

சிற்றறைச் சிறை 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த கட்டடம். ஏழு கிளைகளில் இன்று மூன்றே நிற்கின்றன. 1979 பிப்ரவரி 11-ஆம் நாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதனை நாட்டின் நினைவுச்சின்னமாக அறிவித்தார். மாலையில் அங்கு நடக்கும் ஒலி ஒளிக் காட்சியில் முற்றத்து அரசமரமே கதை சொல்கின்றது. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் முதல் நாள் அங்குத்தான் அழைத்துச் செல்கின்றோம். நாமாக விரும்பிச் செல்வது குறைவு. அதில் தவறும் இல்லை. தூக்குமேடையை வாரந்தோறும் பார்த்துக்கொண்டு பிள்ளை வளர்க்க இயலாது.

பாரதாங்குத் தீவின் சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் செல்லும் வழியைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டினூடே போகின்றது. வண்டிகள் அணிவகுத்தே செல்ல வேண்டும். நிற்றல், படமெடுத்தல், உணவு தருதல் யாவும் குற்றம். அக்காட்டுப் பகுதியில் சாலையை மூட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002-இலேயே ஆணையிட்டது. 2012-இல் அம்மக்களை ஆடவைத்து எடுத்த படங்கள் வெளியாகி உலகமே தலைகுனிந்தது. மனிதரைப் பார்க்க மனிதர் உலாச் செல்லுதல் ராஸ் தீவு நடனக்கூடத்தைவிட இழிந்த பொழுதுபோக்கு. குகையைக் காண விரும்பும் அன்பர்கள் கடல்வழியை நாடலாம்.

நம்மவர் எல்லாரும் தலைநகரில் வாழ்ந்தவரல்லர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களினின்று திரும்பியோரில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்கு அமர்த்தப் பெற்றன. பெரிய நிக்கோபாரில் 1969 முதல் குடியேறிய முன்னாள் படைவீரர்களிலும் தமிழர் உண்டு. அங்கெல்லாம் உலா என்பது கடற்கரையில் அமர்வதும், நிக்கோபாரியரின் படகுப் போட்டியையும் கால்பந்தையும் காண்பதும்தான்.

2004 டிசம்பர் 26. அன்றும் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கிற்று. பின்னர்க் கடல் எழுந்தது. நிக்கோபார்த் தீவுகளே தாழ்ந்தன. தென்கோடியில் உள்ள இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி நீர் நின்றது. கச்சாலில் வாழ்ந்தோருள் பெரும் பகுதியினர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். நம் தமிழ்த் தோட்டக் குடும்பங்களும் அத்துயரில் பங்கேற்றன. அதன்பின் நெடுநாள் எந்தத் தாயும் பிள்ளையைக் கரைக்கு அழைத்துச் சென்றிலள். கார்பின் குடாவில் தென்னைகள் மட்டும் நின்றன. உறவினரிடமிருந்து 'திரும்பி வந்துவிடுங்கள்' என்று மீண்டும் கடிதங்கள் வந்தன. சிலர் கப்பலேறினர், பெரும்பாலோர் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. பிள்ளைகள் இங்கே படிக்கின்றனர், வீடு இங்கே இருக்கின்றது என்பர்.

மீண்டும் கரைக்குச் செல்லத் தொடங்கியவர் சிறுவரே. பெரியவர் பின்னாற் சென்று, தென்னையடியில் அமர்ந்து, அலை எவ்வளவு தூரம் ஏறுகின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தனர். இன்னும் பலர் அப்படித்தான் அமர்கின்றனர். 2020 ஆகஸ்டில் சென்னையினின்று கடலடிக் கம்பிவடம் வந்து சேர்ந்தது. தாயகத்துப் படமும் பாட்டும் பேச்சும் நொடியில் கைபேசிக்கு வருகின்றன. கப்பல் பார்க்க இப்பொழுது எவரும் போவதில்லை. கார்பின் குடாவில் மட்டும் ஞாயிறுதோறும் கூட்டம். முதலை உண்டு என்னும் எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு, காவலரின் ஊதல் கேட்கும் எல்லைக்குள் பிள்ளைகள் நீராடுகின்றனர். இருட்டுமுன் எழுந்து, அடுக்குப் பாத்திரத்தைக் கழுவி, வீடு திரும்ப வேண்டும்.