தாடை வலி: கடியிலிருந்து மனத்துக்கு

நாள்பட்ட தாடை வலியைத் தனி நோயாக வரையறுத்துப் பேர் வாங்கியவர் பல் மருத்துவர் அல்லர். காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் 11 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்தபின் கீழ்த்தாடை அளவுக்கு மீறி மேலேறி, காதருகே உள்ள நரம்பை அழுத்துகிறது என்பது அவர் கணிப்பு. உடற்கூற்றின்படி அதற்கு வழியில்லை என்று 1948இல் ஹாரி சிச்சர் காட்டியும், கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை, சரிசெய்ய நல்ல பற்களைத் தேய்ப்பது நிற்கவில்லை.

1969இல் டேனியல் லாஸ்கின் பார்வையைத் தசைப்பக்கம் திருப்பினார்: மன அழுத்தத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தசை களைத்து இறுகுகிறது, அந்த இறுக்கமே வலிக்கிறது. 1976இல் அவர் குழு வெளியிட்ட சோதனை இன்னும் சங்கடமானது. கடியை மாற்றாமலே, தேய்த்துச் சரிசெய்வதுபோல் 25 பேருக்குப் பாவனை செய்தார்கள். 16 பேர் வலி முற்றிலுமாகவோ பெரும்பாலுமோ போய்விட்டது என்றார்கள். தேய்த்துக் குணப்படுத்தியதாகச் சொல்லிவந்தவர்களுக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்காது.

உடலும் மனமும் சேர்ந்த நோய் என்ற இந்தப் பார்வையில், 1992இல் தாடை வலிக்கென வந்த ஆய்வு அளவுகோல் தாடையை ஒரு பக்கமும் மனச்சோர்வு, வலியால் முடங்கும் அளவு ஆகியவற்றை மறுபக்கமும் வைத்து அளந்தது. அதை மலாய் மொழிக்குக் கொண்டுவந்த பணி பற்றிய ஆய்வு 2008இல் வெளியானது.

மலேசியாவில் இந்த நோய்க்கு நெடுங்காலம் தனி இடம் இல்லை. பினாங்கில் 1949இல் தொடங்கிய பல் தாதியர் பயிற்சி, பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பல்லைக் குறிவைத்தது. தாடை வலி அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. கெப்பாலா பத்தாஸை அடுத்த பெர்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயர்நிலை மருத்துவ, பல் மருத்துவக் கழகம் 2002இல் உருவானது. பல்லுக்கும் உடம்புக்கும் நடுவே அநாதையாகக் கிடந்த இந்த நோய்க்கு, இரண்டையும் சேர்த்த இத்தகைய கழகம் பொருத்தமான இடம்.

தாடை வலிக்குச் சொல்லப்பட்ட காரணம் பல்லிலிருந்து பழக்கத்துக்கு மாறியதும் வைத்தியமும் வீட்டுக்கு மாறியது. இரவில் அக்ரிலிக் பல் உறை, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, முறுக்கையும் பாக்கையும் விட்டுக் கஞ்சி, இட்லி. எல்லாமே நோயாளியின் கையில். வாயைத் திறந்தால் மூட்டு கெட்டுவிடும் என்று அஞ்சுபவர் பயிற்சியை நிறுத்துகிறார். மனம் சோர்ந்தவருக்கு உறை டப்பாவிலேயே கிடக்கிறது. வலி சற்றுத் தணிந்தவரும் அதே டப்பாவை மூடிவைக்கிறார். அச்சத்தைப் பேசித் தீர்க்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உறையோடு சேர்ந்து வந்தது இதனால்தான்.