அடுத்தது என்ன வரும் என்று தெரியாத பாட்டுகள்: புரோகிரசிவ் றொக்கின் ஒரு வரலாறு

புரோகிரசிவ் றொக் கேட்கத் தொடங்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே பிரச்சினைதான் வரும். பிங்க் ஃபுளொய்ட், யெஸ், கிங் கிரிம்சன் எல்லாம் கேட்டு முடிஞ்சுது. இனி இப்ப இருக்கிற இசைக்குழுக்களில், அடுத்த நிமிசம் பாட்டு எங்க போகும் என்று சொல்லமுடியாத மாதிரி எழுதிறது ஆர்? தேடினால் நூறு பெயர் வரும். இருபது நிமிசப் பாட்டு, பழைய மெலொட்ரோன் சத்தம், நடுவில் ஒரு நீண்ட கிட்டார் சோலோ. நல்லாத்தான் வாசிக்கினம். ஆனால் சோலோ எப்ப வரும், எப்ப முடியும் என்பது முதல் தரம் கேட்கேக்கையே பிடிபட்டுவிடும். "முன்னேறிப் போற" இசை எண்டு பெயரை வைச்சுக்கொண்டு ஏன் இவ்வளவு பேர் 1973 இலேயே நிக்கினம்?

இதற்கான பதில் இசைக்குள் மட்டும் இல்லை. ஆர் காசு கொடுத்தது, ஆர் மேடை கொடுத்தது என்ற வரலாற்றுக்குள்ளும் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

கம்பனிகளுக்கும் தெரியாத காலம்

1967 இல் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' வந்தபிறகு, தனிப்பாட்டுகளை விட முழு அல்பத்தையும் ஒரே படைப்பாகக் கேட்கும் பழக்கம் பரவியது. அல்பம் வாங்கியவர்களில் கனபேர் மாணவர்கள். அவர்களுக்கு எது பிடிக்கும் என்று இசைத்தட்டுக் கம்பனிகளுக்குச் சரியாக விளங்கவில்லை. அதனால் எதையும் எடுத்துப் பார்க்கத் தயாராக இருந்தன. 1969 இல் ஈ.எம்.ஐ. 'ஹார்வெஸ்ட்' என்றும், பிலிப்ஸ் 'வேர்ட்டிகோ' என்றும் இதற்கெண்டே துணை லேபல்களைத் தொடங்கின. அதே வருடம் ஒக்ரோபரில் கிங் கிரிம்சனின் முதல் அல்பம் வந்தது. ஒரே அல்பத்துக்குள் உலோகச் சத்தமும் ஜாஸும் மெல்லிய புல்லாங்குழலும் மெலொட்ரோனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. (மெலொட்ரோன் என்பது ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஒலிநாடாத் துண்டு வைத்திருக்கிற கீபோர்ட். கட்டையை அமத்தினால் முன்பே பதிவுசெய்த வயலின் சத்தம் சுமார் எட்டு செக்கனுக்கு ஒலிக்கும்.) இன்றைக்கு மெலொட்ரோன் பழசின் அடையாளம். அன்றைக்கு அது புதுச் சாமான்.

இந்தக் காலத்தில் எதிர்பாராத பாட்டெழுத்து என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது ஜென்டில் ஜயன்ட். ஷுல்மன் சகோதரர்கள் மூன்று பேர். அதற்கு முன்னம் அவர்கள் சைமன் டுப்ரீ என்ற பெயரில் ஒரு பொப் குழு நடத்தி, 1967 இல் 'கைட்ஸ்' என்ற பாட்டால் பிரபலமானவர்கள். அந்தப் பிரபலம் பிடிக்காமல்தான் 1970 இல் புதுக் குழுவைத் தொடங்கினார்கள். 1972 இன் 'ஒக்டோபஸ்' அல்பத்தில் 'நொட்ஸ்' என்று ஒரு பாட்டு. மனநல மருத்துவர் ஆர். டி. லெய்ங்கின் புத்தகத்தில் இருந்து பிறந்தது. நான்கு குரல்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கி, முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். நீளம் நான்கு நிமிசம் சொச்சம்தான்! நீளமாக இருந்தால்தான் புரோகிரசிவ் என்ற நம்பிக்கைக்கு அந்த ஒரு பாட்டே மறுப்பு.

இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது: நாலு நாலாக எண்ணாமல் ஐந்து, ஏழு என்று எண்ணினால் அது புதுமை என்பது. எங்கட காதுக்கு ஏழு எப்ப புதுசாக இருந்தது? மிச்ர சாபு ஏழுதான். தகிட தகதிமி. கண்ட சாபு ஐந்து. கோயில் திருவிழாவில் தவிற்கச்சேரி கேட்டு வளர்ந்த ஆளுக்கு இதெல்லாம் பழகின கணக்கு. பிங்க் ஃபுளொய்டின் 'மணி' பாட்டும் பெரும்பகுதி ஏழில்தான் போகிறது. அது உலகம் முழுக்க வித்த அல்பத்தில் உள்ள பாட்டு. எண்ணிக்கை மட்டும் ஒரு பாட்டை எதிர்பாராததாக ஆக்காது. தவில்காரர் அதே ஏழுக்குள் எங்க வெட்டுகிறார், எங்க விடுகிறார் என்பதில்தானே எங்கட கவனம் போகிறது? இங்கேயும் அதுதான் கேள்வி.

ஒரு கதவு மூடினபோது

1973 முடிவில் யெஸ் ஒரு இரட்டை அல்பம் வெளியிட்டது. நாலு பக்கம், நாலு பாட்டு. அவர்களுடைய ரசிகர்களிலேயே சிலருக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது. 1974 இல் ரொபர்ட் ஃபிரிப், கிங் கிரிம்சனைக் கலைத்தார். பிறகு பங்க் வந்தது, புரோகிரசிவ் றொக்கைக் கொன்றது என்று வழமையாகச் சொல்வார்கள். இது அரைவாசிதான் சரி. பெரிய பெயர்கள் சாகவில்லை. பாட்டைச் சுருக்கி எண்பதுகளில் முன்னரை விடக் கூட வித்தார்கள். யெஸ்ஸின் 1983 பாட்டு ஒன்று அமெரிக்காவில் முதலிடத்துக்கே போனது. தெருவில் விடப்பட்டது வேற ஆக்கள்.

ஹென்றி கவ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஃபிரித், டிம் ஹொட்ஜ்கின்சன் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 1973 இல் வேர்ஜின் கம்பனி இவர்களை எடுத்தது. அதே வேர்ஜின் 1977 இல் செக்ஸ் பிஸ்டல்ஸை எடுத்தது. சந்தை திரும்பினால் கம்பனியும் திரும்பும். அதில் அதிசயம் இல்லை. அதிசயம் ஹென்றி கவ் அதற்கு என்ன செய்தது என்பதில் இருக்கிறது. தங்களைப் போல ஐரோப்பாவில் தனித்தனியாக நின்ற குழுக்களைத் தேடிப் பிடித்தார்கள். 1978 மார்ச் 12 அன்று லண்டனில் ஒரே மேடையில் ஐந்து குழுக்கள்: இத்தாலியின் ஸ்டோர்மி சிக்ஸ், சுவீடனின் சம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யுனிவேர் ஸெரோ, பிரான்சின் எத்ரோன் ஃபூ லெலூப்லான், கூட ஹென்றி கவ். 'றொக் இன் ஒப்பொசிஷன்', அதாவது எதிர்ப்பில் நிற்கும் றொக், என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். டிரம்ஸ் வாசித்த கிறிஸ் கட்லர் அதே வருடம் 'ரெகமென்டெட் ரெக்கோர்ட்ஸ்' என்ற விநியோக அமைப்பைத் தொடங்கி, கம்பனிகள் தொடாத இசையை ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஹென்றி கவ் உள்ளுக்குள்ளும் வித்தியாசமாக இயங்கியது. முடிவுகளைக் கூட்டம் வைத்து எடுத்தார்கள். பெண்கள் பாடகியாக மட்டும் நிற்கவில்லை. லின்ட்சி கூப்பர் பஸூன் வாசித்தார், இசையும் எழுதினார். ஜோர்ஜினா போர்ன் பேஸ் கிட்டாரும் செல்லோவும் வாசித்தார், பிறகு மானிடவியலாளராகவும் ஆனார். அந்த வருட முடிவுக்குள்ளேயே குழு கலைந்துவிட்டது. ஆனால் வலைப்பின்னல் நின்றது. எதிர்பாராத பாட்டெழுத்து பிழைத்தது அதற்குள்தான்.

பெயர் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு விசயம் நடந்தது. 1981 இல் ஃபிரிப் திரும்பி வந்து 'டிசிப்ளின்' அல்பத்தைச் செய்தார். மெலொட்ரோன் இல்லை. இந்தோனேசிய கமெலான் இசையைப் போல இரண்டு கிட்டார்கள் பல்லுச் சக்கரங்களாகப் பின்னிக்கொண்டு ஓடின. பழைய ஆக்களுக்கு இது கிங் கிரிம்சனா என்று சந்தேகம். 1983 இல் மரிலியனின் முதல் அல்பம் வந்தது. பழைய ஜெனசிஸை நினைவுபடுத்தும் அழகான அல்பம். நாங்கள் மரிலியனைக் குறைசொல்லவில்லை, அவர்களிடம் நல்ல பாட்டுகள் இருக்கு. ஆனால் 'புரோகிரசிவ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இரண்டாவது வழியோடு. அது ஒரு வேலையின் பெயராக இருந்து ஒரு பாணியின் பெயராக மாறியது இப்படித்தான்.

வேலையைச் செய்தவர்கள் அந்தப் பெயரைத் தேடிப் போகவில்லை. இங்கிலாந்தில் டிம் சிமித்தின் கார்டியாக்ஸ் குழு பங்க்கின் வேகத்தில், தேவாலயப் பாட்டைப் போன்ற சுருதிகளை வைத்து, ஒரு வரிக்குள் மூன்று தரம் திசை மாறியது. இசைப் பத்திரிகைகள் அவர்களைப் பகிடி பண்ணின. அவர்கள் சொந்த லேபலில் வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். 1996 இன் 'சிங் டு கோட்' இரட்டை அல்பத்தைக் கேட்டால், இவ்வளவையும் ஒருவர் எப்படி யோசித்தார் என்று தோன்றும். 2008 இல் சிமித் கடும் நோயில் விழுந்தார். 2020 இல் இறந்தார். அரைகுறையில் நின்ற அல்பத்தை நண்பர்கள் முடித்து 2025 இல் வெளியிட்டார்கள். ஜப்பானில் தட்சுயா யொஷிதா என்ற டிரம்ஸ்காரர் 1985 இல் 'ருயின்ஸ்' தொடங்கினார். ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் கிட்டார், கற்பனை மொழியில் பாட்டு. பிரான்சின் மக்மா குழுவிடம் இருந்து எடுத்துக்கொண்ட துணிவு அது.

இப்ப எங்க தேடுறது?

இன்றைக்கு வருவோம். லண்டனின் பிளக் மிடி குழுவினர் கிரொய்டனில் உள்ள பிரிட் ஸ்கூலில் படித்தவர்கள். கட்டணம் இல்லாத கலைப் பாடசாலை அது. பிறகு பிரிக்ஸ்டனில் உள்ள 'விண்ட்மில்' என்ற சின்ன மதுச்சாலை மேடையில் வளர்ந்தார்கள். 2021 இன் 'ஜோன் எல்' பாட்டில், வேகமாக ஓடிக்கொண்டிருக்கிற எல்லாம் சடாரென்று நிற்கும். அமைதி. திரும்ப எப்ப தொடங்கும் என்று உங்களால் சொல்லமுடியாது. அதே மேடையில் வந்த பிளக் கன்ட்ரி, நியூ ரோட் குழுவின் பாடகர், 2022 இல் அவர்களுடைய இரண்டாவது அல்பம் வரச் சில நாள் இருக்கும்போது விலகினார். மிச்ச ஆறு பேரும் அந்தப் பாட்டுகளை வைத்துப் பிழைக்கவில்லை. முழுக்கப் புதுப் பாட்டுகள் எழுதி, பாடும் பொறுப்பைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு மேடையேறினார்கள். அவுஸ்திரேலியாவின் கிங் கிசர்ட் 2017 என்ற ஒரே வருடத்தில் ஐந்து அல்பம் வெளியிட்டது. அதில் ஒன்றை ஆரும் இலவசமாக எடுத்து இசைத்தட்டாக அச்சிடலாம் என்று விட்டுவிட்டது.

இவர்களில் கனபேரைப் 'புரோகிரசிவ்' என்று தட்டித் தேடினால் முதல் பக்கத்தில் காணமாட்டீர்கள். கேட்கும் செயலிகளும் உதவாது. நீங்கள் கேட்டதைப் போல இன்னொன்றைத் தருவதுதான் அதன் வேலை. நாங்கள் தேடுவதோ எதைப் போலவும் இல்லாத ஒன்றை. அதனால் பாணியின் பெயரை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடருங்கோ: ஒரு டிரம்ஸ்காரர் வேற எந்தக் குழுவில் வாசித்தார், ஒரு லேபல் வேற எதை வெளியிட்டது, ஒரு சின்ன மேடையில் வேற ஆர் ஏறினது.

இந்த வரலாறு முழுக்க ஒரு விசயம் திரும்பத் திரும்ப வருகிறது. புதுப் பாட்டு வந்த இடத்தில் எல்லாம், தோற்றாலும் பரவாயில்லை என்று ஆரோ நேரமோ இடமோ கொடுத்திருக்கிறார்கள். முதலில் விசயம் விளங்காத கம்பனிகள், பிறகு தங்களுக்குத் தாங்களே இடம் செய்த குழுக்கள், இப்ப ஒரு இலவசப் பாடசாலையும் ஒரு சின்ன மேடையும். கேட்கிற ஆளும் அதில் ஒரு பங்குதான். முதல் தரம் விளங்காத பாட்டை மூன்றாம் தரமும் போடுகிற பொறுமை எங்களிடம் இருக்கவேணும். 'நொட்ஸ்' இல் தொடங்குங்கோ, 'டிசிப்ளின்' கேளுங்கோ, 'ஜோன் எல்' இல் வந்து நில்லுங்கோ. ஐம்பது வருட வித்தியாசம் இருந்தாலும் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்யுது.