புதுச்சேரியில் வாக்குரிமையும் குடியுரிமையும்

புதுச்சேரியில் ஒருவர் வாக்காளராவதற்குக் காட்ட வேண்டிய சான்று கடந்த 175 ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. ஒரு காலத்தில் குடியுரிமைச் சான்று தேவைப்படவில்லை. பின்னர் குடியுரிமையே ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதித் தரும் விருப்பக் கடிதத்தைப் பொறுத்ததாயிற்று. நகரின் நடுவிலுள்ள பெரிய மார்க்கெட் குபேர் அங்காடி என்றும் வழங்குகிறது. அப்பெயருக்குரிய எதுவார் குபேர் 1951-இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரானார். 1963-இல் இந்திய ஒன்றியப் பகுதியின் முதல் முதலமைச்சரானார். பன்னிரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு நாட்டுச் சட்டங்களின் கீழ் பதவி வகித்தார். அவருக்கு வாக்களித்தவர்களின் நிலையும் அதுவே.

1848-ஆம் ஆண்டு விலக்கு

1848 புரட்சிக்குப் பின் பிரான்சில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று குடியேற்ற நாடுகளின் தேர்தலுக்காக ஓர் அறிவுறுத்தல் வெளியிடப்பட்டது. செனகல் மக்களும் பிரெஞ்சிந்திய மக்களும் அங்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் வசித்ததை மெய்ப்பித்தால் போதும், குடியுரிமை பெற்றதற்கான சான்று வேண்டியதில்லை என்று அது கூறியது. அதாவது இந்து, முஸ்லிம் மக்கள் தத்தம் திருமண, வாரிசுரிமை வழக்கங்களைக் கைவிடாமலே வாக்களிக்கலாம். அண்டையிலிருந்த ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் அப்போது இத்தகைய வாக்குரிமை எதுவும் கிடையாது.

சில ஆண்டுகளில் பறிபோன இவ்வுரிமை 1871-இல் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒரு கேள்வி தீரவில்லை: வாக்களிப்பவர் எல்லாரும் பிரெஞ்சுக் குடிமக்களா? செனகலின் நான்கு நகராட்சிகளில் இதே கேள்விக்கு 1916-இல் பிளேஸ் தியாஞ்ஞின் முயற்சியால் ஒரு சட்டமே விடையளித்தது. புதுச்சேரியில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

மூன்று பட்டியல்கள்

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விரும்புவோர் பதிவு செய்துகொள்ளலாம். குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொள்ள வேண்டும். இம்முடிவைத் திரும்பப் பெற இயலாது. இவர்களை 'ரெனோன்சான்' என்பர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' என்று பெயர் பூண்டு இதில் முன்நின்றார். சாதிக் கொடுமைக்கு ஆளானவர்களும் கிறித்தவர்களும் பெருமளவில் சேர்ந்தனர். பிரெஞ்சுக்காரருக்கு நிகரான இடம் கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை வாக்காளர் பட்டியலில் முட்டி நின்றது. உள்ளாட்சி அவைகளுக்கு ஐரோப்பியர், இந்தியர் என இரு பட்டியல்கள் இருந்தன. ரெனோன்சான்கள் முதல் பட்டியலில் இடம் கேட்டனர். 1884-இல் அரசு அவர்களுக்கென மூன்றாவதாக ஒரு பட்டியலை உருவாக்கியது. சட்டத்தில் சமம், பட்டியலில் தனி! இதனை நாசூக்கான ஏமாற்று என்றே நான் கருதுகிறேன். சில நூறு ஐரோப்பியர் தம் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு இடங்களைப் பெற்று வந்தனர். பெரும்பான்மை இந்துக்களின் தலைவரான சண்முக வேலாயுத முதலியார், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் புதுச்சேரி அரசியலைக் கையில் வைத்திருந்தார். 1899-இல் பட்டியல்கள் மீண்டும் இரண்டாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இப்பிரிவினை ஒழிந்தது. பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது.

வாக்கெடுப்பும் ஒப்பந்தமும்

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் மக்கள் வாக்கெடுப்புக்கு இசைந்தன. சந்திரநாகூரில் மட்டும் 1949 ஜூன் 19 அன்று அது நடந்தது. புதுச்சேரியில், வாக்காளர் பட்டியலை யார் தயாரிப்பது, காவல் யார் பொறுப்பு என்ற சச்சரவிலேயே காலம் கழிந்தது. கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. பாடநூல்களில் இது இரண்டே வரியில் முடிந்துவிடும். "அப்படியானால் மக்கள் வாக்களிக்கவில்லையா ஐயா?" என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும்.

1954 நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல்தான் நிகழ்ந்தது. இடையில் 1955, 1959 ஆகிய ஆண்டுகளில் பிரதிநிதித்துவ சபைக்குத் தேர்தல்கள் நடந்தன. அவற்றில் வாக்களித்த உள்ளூர் மக்கள் அப்போதும் சட்டத்தின் கண்ணில் பிரெஞ்சு நாட்டவரே. 1848-இன் விந்தை வேறு உருவில் திரும்பியது எனலாம்.

1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, இங்கு பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சு நாட்டவர் இந்தியக் குடிமக்களாவர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தையின் முடிவே முடிவு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்கள் பலர், ஊரார் 'சொல்தா' என்று அழைத்தவர்கள், எழுதித் தந்தனர். பெரும்பாலோர் எழுதவில்லை. கெடுவை அறியாமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. அந்த ஒரு தாளால் அண்ணன் குடும்பம் பிரெஞ்சு அதிபர் தேர்தலிலும் தம்பி குடும்பம் புதுச்சேரிச் சட்டமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கும் நிலை உண்டானது.

இன்றைய நடைமுறை

அரசமைப்பின் 326-ஆம் பிரிவின்படி 18 வயது நிறைந்த இந்தியக் குடிமக்களே வாக்காளராகலாம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு குடிமகன் அல்லாதவரை விலக்குகிறது. இரட்டைக் குடியுரிமை இல்லை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் வெளிநாடு வாழ் இந்தியர் அட்டை வைத்திருப்பவருக்கும் இங்கு வாக்கு இல்லை. 1993-இல் தொடங்கிய புகைப்பட அடையாள அட்டை ஆளை அடையாளம் காட்டும். ஆதாரோ சட்டப்படி குடியுரிமைச் சான்றாகாது.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டுடன் புதுச்சேரியிலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், 2004 டிசம்பர் வரை பிறந்தவர், அதன்பின் பிறந்தவர் எனப் பிரித்து ஆவணங்கள் கோரப்பட்டன. புதுச்சேரியில் 1962 ஆகஸ்டுக்கு முன் பிறந்த முதியவர் இவ்வகைகளில் நேராகப் பொருந்துவதில்லை. அவர் பிறந்த மண் அன்று சட்டப்படி பிரெஞ்சு மண். அவரது இந்தியக் குடியுரிமை ஒப்பந்தத்திலிருந்தும் 1962-ஆம் ஆண்டுக் குடியுரிமை ஆணையிலிருந்தும் வருகிறது. போதாக்குறைக்குப் பெயர்ச் சிக்கலும் உண்டு. பழைய பிறப்புப் பதிவேட்டில் முத்து, சுப்பிரமணியன் போன்ற பெயர்கள் பிரெஞ்சு ஒலிப்புமுறைப்படியும், இன்றைய அட்டைகளில் ஆங்கில முறைப்படியும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒருவரே என்று விளக்க வேண்டிய பொறுப்பு, அறுபத்து மூன்று வயதைக் கடந்த அந்த வாக்காளர் தலையில்தான் விழுகிறது.