ஆற்றை விட்டு அகன்ற ஊர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் மோசி மன்னர்கள் ஆண்ட மேட்டு நிலத்தின் மெலிந்த மண்ணில் கம்பும் சோளமும் பயிரிட்டு ஜனங்கள் நெருங்கி வாழ்ந்திருக்க, அதற்குச் சற்றுத் தொலைவிலேயே வெள்ளை வோல்டா, சிவப்பு வோல்டா, கறுப்பு வோல்டா ஆகிய நதிகளின் கரைகளில், வளம் மிக்க பூமி உழுவாரற்றுக் காடு மண்டிக் கிடந்தது. உழவையே ஜீவனமாகக் கொண்ட மக்கள் தண்ணீரை விட்டு விலகி மேட்டில் வறட்சியோடு போராடுவானேன்? அடிமை வேட்டையும் போர்களும் அதற்குக் காரணம் என்பார்கள்; அதில் உண்மையும் உண்டு. ஆனால் போர்கள் ஓய்ந்த பின்னரும் அக்கரைகளில் ஊர்கள் தழைக்கவில்லை என்பதைக் கவனிக்கும்போது, வேறொரு சத்துருவைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தச் சத்துரு, கொசுவைப் போலச் சிறியதான ஒரு கறுப்பு ஈ. பாறைகளில் மோதி விரைந்தோடும் நீரிலேதான் அதன் புழுக்கள் பிழைத்திருக்கும். பெண் ஈ பகல் வேளையிலே, அதாவது உழவர் வயலிலும் பெண்கள் துறையிலும் இருக்கும் நேரத்திலே, இரத்தம் தேடி வந்து கடிக்கிறது. கடிக்கும்போது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு ஒரு நூற்புழுவின் சிறு உருவைக் கொண்டு சேர்க்கிறது. தோலுக்கடியில் கட்டிகளாகச் சுருண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும் தாய்ப்புழு ஈனுகின்ற எண்ணற்ற நுண்குஞ்சுகள் தோல் முழுவதும் பரவித் தாங்கொணாத அரிப்பை உண்டாக்கி, முழந்தாளுக்குக் கீழே சிறுத்தையின் புள்ளிகளைப் போல நிறத்தை வெளுக்கச் செய்து, கடைசியில் கண்ணிலும் புகுந்து, அங்கே மடியும்போது எழுகின்ற அழற்சியால் கருவிழியை மங்கச் செய்கின்றன. குடும்பத்தைத் தாங்க வேண்டிய நடுவயதிலேயே பார்வை போய்விடுகிறது.

1870-களில் தங்கக் கரையில் (இன்றைய கானாவில்) ஜான் ஓநீல் என்ற கடற்படை வைத்தியர் இக்குஞ்சுகளை நோயாளிகளின் தோலில் கண்டார். 1920-களில் சியரா லியோனில் பிளாக்லாக் என்பவர், ஈயே அவற்றைப் பரப்புகிறதென்று நிரூபித்தார். எனினும் கிராமங்களின் துயரம் அதனால் குறைந்துவிடவில்லை.

வடக்கு கானாவில் நாங்கோடி என்னும் இடத்தை ஆராய்ந்த ஜான் ஹன்டர் என்ற புவியியலறிஞர், நிலப் பசியால் மக்கள் நதியை நோக்கி முன்னேறுவதும், சில காலத்தில் நோயால் விரட்டப்பட்டுப் பின்வாங்குவதும் சக்கரம் போல மாறி மாறி நிகழ்ந்திருக்கலாம் என்று 1966-ல் எழுதினார். இந்தப் பின்வாங்குதலில் ஒரு கொடிய கணக்கு இருக்கிறது. ஊரில் ஆட்கள் நிறைந்திருக்கும்வரை ஈக்களின் கடியைப் பலரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். குருடாகியும் இறந்தும் வெளியேறியும் ஆட்கள் குறையக் குறைய, எஞ்சியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் கடி பெருகுகிறது. ஆகவே தளரத் தொடங்கிய ஊர் விரைவிலேயே அழிகிறது. அது அழிந்ததும், அதற்குப் பின்னால் இருந்த ஊர் நதிக்கு முன்வரிசையாகி, அதே விதிக்கு ஆளாகிறது. ஆற்றங்கரையில் ஒருவன் காலிசெய்த குடிசை மேட்டிலிருக்கும் அண்டை ஊரானுக்கும் ஆபத்தாக முடிந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

1972-ல் மேல் வோல்டாவுக்கு (இன்றைய புர்கினா ஃபாசோவுக்கு) வந்த உலக வங்கித் தலைவர் ராபர்ட் மக்நமாரா, கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பார்வையற்ற பெரியவர்களைச் சிறுபிள்ளைகள் நடத்திச் செல்லும் காட்சியைக் கண்டார். ஈயை அடக்க 1974-ல் ஏழு நாடுகள் சேர்ந்த பெருமுயற்சி தொடங்கிற்று. ஹெலிகாப்டர்கள் வாரந்தோறும் நதிகளின் பாய்ச்சலான இடங்களில் புழுக்கொல்லி மருந்தைத் தெளித்தன. மனித உடலிலுள்ள தாய்ப்புழுக்கள் மூப்படைந்து மடியும்வரை, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், இதை விடாமல் செய்தாக வேண்டும் என்பதுதான் இதிலுள்ள கடினம். இடையில் சில ஈக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன. வேறு மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்தார்கள். காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து புதிய ஈக்கள் வந்தன. பணியை 11 நாடுகளுக்கு விரித்தார்கள். 2002-ல் அது முடிவுற்றபோது ஆறு லட்சம் பேரின் பார்வை காப்பாற்றப்பட்டது என்றும், இரண்டரைக் கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் குடியேற்றத்துக்கு உகந்ததாயிற்று என்றும் கணக்கிட்டார்கள்.

இதற்கிடையே, ஜப்பானிய மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, கால்நடைகளுக்கென்று முதலில் உருவான ஐவர்மெக்டின் என்ற மருந்து மனிதருக்கும் பயன்படுமென்று, 1981-ல் செனகலில் முகமது அஜீஸ் நடத்திய சோதனையில் தெளிவாயிற்று. 1987-ல் மெர்க் நிறுவனம் அதைத் தேவைப்படும்வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. தாய்ப்புழுவை அது கொல்வதில்லை, குஞ்சுகளையே ஒழிக்கிறது. ஆகையால் ஆண்டுதோறும், பல ஆண்டுகள் கொடுத்தாக வேண்டும். சாலையற்ற சிற்றூர்களுக்கு அதை யார் கொண்டுபோவது? ஊராரே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் கோடிட்ட ஒரு கோலை நிறுத்தி, ஒவ்வொருவரின் உயரத்தையும் பார்த்து, அதற்கேற்ப மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தார். இந்தச் சரித்திரத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்தப் பெயர் தெரியாத கிராமத்து ஊழியர்களைத்தான்.

2025 ஜனவரியில், இந்நோயை அடியோடு ஒழித்த முதல் ஆப்பிரிக்க நாடாக நைஜரை உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. ஆயினும் இன்று இந்நோய் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் ஆப்பிரிக்கர்களே. தெற்கு சூடானிலும் காங்கோவிலும், சண்டையால் வழியடைபட்ட கிராமங்களுக்கு மாத்திரைகளைக் கொண்டு சேர்க்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.