சாலை மாணாக்கரும் நன்னூற் கணக்கும்

பல்கலைக்கழகங்களில் கணினியியல் பயில்வார்க்கு வருகை, பயிற்சிப்பணி, நடத்தை ஆகிய மூன்றிற்கும் விதி வகுத்திருப்பர். மாணாக்கர்க்கு விதி வகுத்தல் தமிழ்நிலத்திற்குப் புதிதன்று.

இற்றைக் குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில், கி.பி. 866-இல் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் திருமால் கோயிலோடு ஒரு கல்விச்சாலையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் முறைப்படி 95 சட்டர்க்கு அங்கு இடம் வகுத்தது அவன் செப்பேடு. சட்டர் என்பார் மாணாக்கர். ஒருவரையொருவர் இகழ்ந்துரைத்தால் தண்டம். படைக்கலத்தோடு கூட்டத்திற்கு வருதலும், சாலையுள் சூதாடுதலும் கூடா. ஒழுக்கத்தை வேண்டிய அவ்வேடே சட்டரின் ஊணுக்கும் நிலம் ஒதுக்கியது. ஆயினும் அச்சாலை வேதம் ஓதுவார்க்கே உரியதாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

வருகைக்கும் பயிற்சிக்கும் நெறி காட்டுவது 13-ஆம் நூற்றாண்டு நன்னூல். உரிய பொழுதில் ஆசிரியனிடம் செல்வதையே மாணாக்கன் கடமைகளுள் முதலில் வைத்தார் பவணந்தியார். எனினும், ஆசிரியன் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் கிட்டுவது புலமையிற் காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்கு விளங்க உரைப்பதால் எஞ்சிய அரை என்பது அவர் கணக்கு.

ஆகவே, வருகைப் பதிவேடு காட்டுவது அந்த முதற் காலுக்குரிய வாய்ப்பை மட்டுமே. நாள் தவறாது வந்தும், பிறர் எழுதிய நிரலைப் படியெடுத்துத் தரும் மாணவன் எஞ்சிய முக்காலையும் இழக்கிறான். அவ்விழப்பை அவனுக்கு உணர்த்துவது விதிநூலன்று, ஆசிரியரே.